கைராசி

பாகல் விதைக்குத் தோல் தடிப்பு, டாக்டர். நகவெட்டியால் நுனியை லேசாகக் கிள்ளி, கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் விட்டு ஊறப்போட வேண்டும். பிறகு ஈரத்துணியில் மடித்து ஃப்ரிட்ஜ் மேல் வைத்தால் அந்த இளஞ்சூட்டில் ஒரு வாரத்துக்குள் முளை எட்டிப் பார்க்கும். அதன் பிறகுதான் மண்.

என் ஓரகத்தி ஏன் தன் பிள்ளையைத் தொடமாட்டேன் என்கிறாள் என்று கேட்டீர்கள். அதற்குத்தான் வருகிறேன். இதுவரை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

எனக்கு இரண்டு பிரசவம். இரண்டும் தங்கவில்லை. இரண்டாவதை அடக்கம் செய்து பத்து நாள் இருக்கும். தண்ணீர் காணாமல் என் தக்காளி நாற்று ஜன்னலோரம் துவண்டு கிடந்தது. அவள் அப்போது புதுப்பெண். அதைப் பார்த்துவிட்டு, "அக்காவுக்குக் கைராசியே இல்ல. எதை வெச்சாலும் தங்காது போல" என்று சிரித்தாள். வெகுளியாகத்தான் சொன்னாள். யாரும் அவளைக் கண்டிக்கவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. இன்றும் எரிகிறது.

அந்த வருஷத்திலிருந்து அவள் கிண்ணமும் என் கிண்ணமும் சமையல் மேடையில் பக்கத்தில் பக்கத்தில் ஊறின. அவள் வேலைக்குப் போனதும் அவளுடையதில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றுவேன். ஆறியதும் வடித்துவிட்டுப் பழையபடி பச்சைத் தண்ணீர் விடுவேன். வெந்த விதையும் பார்வைக்கு நல்ல விதை மாதிரிதான் இருக்கும்.

நாலு வருஷம் என்னுடையது முளைத்தது, அவளுடையது அழுகியது. "என் கையிலதான்க்கா ஏதோ இருக்கு" என்பாள். "சேச்சே, அப்படியெல்லாம் நினைக்காதம்மா" என்பேன். கைராசி என்ற வார்த்தையை நான் எடுத்ததே இல்லை. கடைசியில் நாற்றுக்குத் தண்ணீர் தெளிக்கக்கூட என்னைத்தான் கூப்பிட்டாள்.

பிள்ளை எடை குறைவாகப் பிறந்தான். கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்து நர்ஸ் நீட்டியபோது, அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். "கொஞ்சம் தேறட்டும்மா. அதுவரைக்கும் நான் வெச்சுக்கிறேன்."

ஆறு மாதமாகிறது. கொழுகொழுவென்று தேறிவிட்டான், என் இடுப்பை விட்டு இறங்குவதில்லை. அவள் பாலைப் பாட்டிலில் பிடித்து, என் அறை வாசலில் வைத்துவிட்டுப் போகிறாள்.

வெந்நீர் ஊற்றியது நான்தான். அதை எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் பிள்ளையை நான் பறித்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், டாக்டர். நர்ஸ் நீட்டியபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டது அவள்தான்.