பவழமல்லிக்கு மூன்று வருஷம்

"அம்மா, திருடின பூவை உம்மாச்சி வாங்கிக்குமா?" என்று என் மகள் ஜானு ஒருநாள் கேட்டாள். அப்போது அவளுக்கு ஏழு வயது. பக்கத்து வீட்டுச் சாம்பமூர்த்தி மாமா விடியற்காலையில் சுவர்மேல் கையை நீட்டி எங்கள் நந்தியாவட்டையைப் பறித்துக்கொண்டிருந்தார். பூஜைக்குத்தானே, போகட்டும் என்றேன்.

மயிலாப்பூரில் அது பெரிய குற்றமில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. மாமா இறந்ததை நீங்கள் விபத்து என்று எழுதியிருப்பதாகச் சொன்னார்கள். பொய் எழுத்தில் நிற்கக்கூடாது. அதனால்தான் வந்தேன்.

முப்பத்துமூன்றாம் வருஷம் ஆவணியில் ஜானுவுக்குத் தொண்டை அடைத்து மூச்சுத் திணறியது. வீட்டில் நானும் அவளும்தான். ஜட்கா கிடைக்கவில்லை. தெருவில் மோட்டார் வைத்திருந்தவர் மாமா ஒருவர்தான். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். நந்தியாவட்டையால் அர்ச்சனை செய்துகொண்டிருந்தார்.

"பூஜை நடுவுல எழுந்துக்கப்படாது, சொர்ணம். செத்த இரு. குழந்தை எங்கேயும் ஓடிப்போயிட மாட்டா."

முக்கால் மணி நேரம் நின்றேன். அவர் கற்பூரம் காட்டியபோது ஜானு தோளில் குளிர்ந்திருந்தாள்.

நான் கோபப்படவில்லை. கோபம் பாவம். தோட்டம் வைத்தேன்.

நந்தியாவட்டையை எடுத்துவிட்டு எதை வைப்பது என்று நிறைய யோசித்தேன். செம்பருத்தி, அரளி எல்லாவற்றையும் சுவருக்கு வெளியிலிருந்தே பறித்துவிடலாம். பவழமல்லி ஒன்றுதான் தரையில் உதிர்ந்த பிறகும் சாமிக்கு ஆகும். உள்ளே வந்து, குனிந்துதான் பொறுக்க வேண்டும்.

செடி விற்கும் கங்கம்மா சிரித்தாள். "இன்னாம்மா, பூ வர மூணு வருசம் ஆவுமே? அதுவும் பாழுங்கெணத்தாண்ட வெக்கிறியே, மேல மூடின பலகை மக்கிக்கினு கீது."

"எனக்கு அவசரமில்லை, கங்கம்மா."

தினமும் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினேன். ஓரத்தில் நின்றபடியே பலகைமேல் மண் பரப்பி, சாணி மெழுகினேன். உதிரும் பூவில் அழுக்கு ஒட்டக்கூடாது. அங்கே கிணறு இருந்ததே மாமாவுக்குத் தெரியாது. அவர் குடிவருவதற்கு முன்பே மூடியது.

போன புரட்டாசியில் மரம் பூத்துக் கொட்டியது.

"இனிமே சுவர்ல எக்க வேண்டாம், மாமா. கொல்லைக் கதவைத் திறந்து வெக்கறேன். உள்ளே வந்து எடுத்துக்கோங்கோ."

"நன்னா இருப்பே," என்று ஆசீர்வதித்தார்.

மூன்று நாள் ஓரத்தில் கிடந்ததைப் பொறுக்கினார். நான்காம் நாள் நடுவுக்குப் போனார். பலகை முறிந்த சத்தம் கேட்டபோது நான் பூஜையில் உட்கார்ந்திருந்தேன்.

"சொர்ணம், கயிறு! சொர்ணம்..."

நடுவில் எழுந்திருக்கக்கூடாது. வழக்கமாக நூற்றெட்டு நாமம் சொல்வேன். அன்று ஆயிரத்தெட்டும் சொன்னேன், நாமத்துக்கு ஒரு பூவாக. நானூறு வரைக்கும் குரல் கேட்டது. எல்லாம் என் தோட்டத்துப் பூ, ஐயா. ஒன்றுகூடத் திருடினதில்லை.

கற்பூரம் அணைந்ததும் கயிற்றை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கவில்லை.