பத்தொன்பது பேர் ஏறிய படகு

மார்ச் 5, வியாழக்கிழமை, காலை 10.15 மணிக்கு, அழைப்பு எதுவும் இல்லாமல் நானாகவே நிலையத்துக்கு வந்து, பெண் உதவி ஆய்வாளர் முன்னிலையில் சொல்ல, எழுத்தர் எழுதிக்கொண்டது.

என் பெயர், தகப்பனார் பெயர், வீட்டு விலாசம் ஆகியவை இந்தத் தாளின் தலைப்பில் தனியாக எழுதப்பட்டுள்ளன. விவகாரத்தில் பிள்ளைகள் இருப்பதால் உள்ளே யார் பெயரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். வயது 29. மணமாகவில்லை. அம்மா, அண்ணன், அண்ணி, அவர்களுடைய பன்னிரண்டு வயது மகள் ஆகியோருடன் வசிக்கிறேன். ஆறு வருடங்களாக ஒரே பள்ளியில் வரலாற்று ஆசிரியையாக இருக்கிறேன். பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் தேதி மிஸ். என் வகுப்பில் எந்தப் பிள்ளையை எழுப்பிக் கேட்டாலும் ஆண்டும் மாதமும் பிசகாமல் சொல்லும். அதை ஒரு குறையாக நான் நினைத்ததில்லை.

சென்ற ஜூன் மாதம் இன்னொரு வரலாற்று ஆசிரியை வேலைக்குச் சேர்ந்தார். சேர்ந்த இரண்டாவது வாரமே, வெள்ளிக்கிழமை கடைசிப் பிரிவேளையில், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கென்று ஒரு மன்றம் தொடங்கினார். வரலாற்றில் இன்றுவரை விடை தெரியாத சங்கதிகளை மட்டும் அதில் எடுத்துக்கொள்வார்கள். அன்றுமுதல் அவர் புதிர் மிஸ். இதே மாதிரி ஒரு மன்றம் வேண்டும் என்று நான்கு வருடங்களுக்கு முன் நான் எழுத்து மூலம் கேட்டிருந்தேன். பாடம் முடியட்டும் பார்க்கலாம் என்று தலைமை ஆசிரியை சொன்னார். அந்தக் கடிதத்தின் நகலை இன்று கொண்டு வந்தேன். வழக்குக்குத் தேவையில்லை என்று உதவி ஆய்வாளர் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

என் அண்ணன் மகளும் அந்த மன்றத்தில் சேர்ந்தாள். அதன் பிறகு எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வெள்ளிக்கிழமைதோறும் புதிர் மிஸ்ஸும் உட்கார்ந்து சாப்பிட்ட மாதிரிதான். ஒரு நாள் அவள் என்னிடம், "அத்தை, உங்க கிளாஸ்ல மட்டும் ஏன் எல்லாமே முன்னாடியே தெரிஞ்சிருக்கு?" என்று கேட்டாள். குத்திக்காட்டக் கேட்கவில்லை. சந்தேகம்தான் கேட்டாள்.

ஜனவரி மாதம் நகர அருங்காட்சியகத்திலிருந்து பழைய படகுத்துறைப் பதிவேடு ஒன்றைப் பள்ளிக்கு இரவல் தந்தார்கள். ஆற்றின் இரு கரைகளிலும் ஏறியவர்கள், இறங்கியவர்கள் எண்ணிக்கையை எழுதிவைத்த புத்தகம். தொண்ணூறு வருடங்களுக்கு முன் ஒரு மாலை, இக்கரையில் பத்தொன்பது பேர் ஏறிய படகிலிருந்து அக்கரையில் இருபது பேர் இறங்கியதாக அதில் இருக்கிறது. இரண்டு துறை எழுத்தர்களும் தங்கள் எண்ணிக்கைதான் சரி என்று கையெழுத்திட்டிருக்கிறார்கள். இருபதாவது ஆள் யார் என்பது யாருக்கும் தெரியாது. புதிர் மிஸ் இதைப் பிள்ளைகளிடம் கொடுத்தார்.

என் வகுப்புக்கும் அவர் வகுப்புக்கும் இடையே இருப்பது மரத்தடுப்பு. எல்லாம் கேட்கும். "பேய் சார் அது" என்று ஒருவன் சொல்ல, "புதிர் மிஸ் எப்படா சார் ஆனாங்க? அதோட பேய்னா ஆத்த பறந்து தாண்டாதா, அதுக்கு எதுக்குடா படகு?" என்று இன்னொருத்தி கேட்க, "கிளார்க்குக்கு எண்ணத் தெரியல, உன்ன மாதிரி" என்று மூன்றாவது குரல் வரும். புதிர் மிஸ் எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொல்வார்: "இருக்கலாம். எப்படி நிரூபிப்ப?" என் பிள்ளைகள் எழுதுவதை நிறுத்திவிட்டுத் தடுப்பைப் பார்த்துச் சிரிப்பார்கள். நான் தேதிகளைச் சற்று உரக்கச் சொல்வேன்.

பதிவேடு ஆசிரியர் அறை இரும்பு அலமாரியில் இருந்தது. சாவி எங்கள் இருவரிடம் மட்டும். பிப்ரவரி 11, புதன்கிழமை, மதிய இடைவேளையில் அறையில் யாரும் இல்லாதபோது, பதிவேட்டின் கடைசியில் எழுதப்படாமல் இருந்த தாள்களில் ஒன்றைச் சவரத்தகட்டால் அறுத்து எடுத்தேன். அதன் பிறகு அதை ஓவிய அறைக்குக் கொண்டுபோய், தொட்டெழுதும் பேனாவால், மையில் தேயிலைச் சாறு கலந்து, அக்கரை எழுத்தரின் கையெழுத்தைப் பார்த்து ஒரு குறிப்பு எழுதினேன். அதற்கு முந்தைய பத்து நாட்கள் அந்தக் கையெழுத்தை எழுதிப் பழகியிருந்தேன். குறிப்பு இவ்வளவுதான்: நடு ஆற்றில் ஒரு பெண்ணுக்குப் பிரசவம் ஆயிற்று, ஏறும்போது பத்தொன்பது, இறங்கும்போது இருபது, குழந்தைக்குக் கட்டணம் வாங்கவில்லை. மை காய்ந்த பிறகு, அடுத்த இடைவேளையில் தாளை அந்தத் தேதிக்குரிய பக்கத்தை அடுத்துப் பசையால் ஒட்டினேன்.

நோக்கத்தையும் எழுதிக்கொள்ளச் சொல்கிறேன். பிப்ரவரி 28 பள்ளிக் கண்காட்சியில், பெற்றோர் எதிரில், விடை கிடைத்துவிட்டதாகப் புதிர் மிஸ் அறிவிப்பார் என்றும், அருங்காட்சியகக் காப்பாளர் அங்கேயே அது போலி என்று கண்டுபிடிப்பார் என்றும், புதிர் மிஸ் தலைகுனிந்து நிற்பார் என்றும் எதிர்பார்த்தேன்.

பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை, பிள்ளைகள் அந்தத் தாளைக் கண்டார்கள். அண்ணன் மகள்தான் வாய்விட்டுப் படித்தாள். கட்டணம் வாங்கவில்லை என்ற இடத்துக்கு வந்ததும் யாரோ கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் சுண்ணக்கட்டியோடு நின்றிருந்தேன். ஆறு வருடத்தில் நான் சொன்ன எதற்கும் பிள்ளைகள் கைதட்டியதில்லை.

பிப்ரவரி 20, வெள்ளிக்கிழமை, அது போலி என்பதையும் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். பதிவேட்டின் முன் அட்டை வழியாகப் பூச்சி துளைத்துக்கொண்டு போயிருக்கிறது. துளை முதல் பக்கங்களில் மிளகு அளவும், போகப்போகச் சிறுத்து, கடைசித் தாள்களில் கடுகு அளவும் இருக்கும். மிளகு அளவுத் துளைகளுக்கு நடுவே என் தாளில் மட்டும் கடுகு. எழுத்து, மை, தாளின் நிறம் எல்லாவற்றையும் பார்த்த நான் இதைப் பார்க்கவில்லை. குழந்தைகள்தானே, கதையைப் படிப்பார்கள், தாளையா பார்ப்பார்கள் என்று இருந்துவிட்டேன்.

அன்று சாப்பிடும்போது அண்ணன் மகள், "எழுதறவங்க பொய் சொல்லலாம், பூச்சி சொல்லாது" என்றாள். அதன் பிறகு, "ஓட்டைய வரிசையா பாக்கணும்னு மிஸ்ஸுக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கதானாமே அத்தை? மிஸ் போர்டுலயே எழுதிப் போட்டாங்க" என்றாள். அது உண்மை. அக்டோபர் மாதம் ஒரு தேநீர் இடைவேளையில் அவர் கேட்டார், என் கல்லூரி ஆய்வேட்டில் இருந்ததைச் சொன்னேன். அதைக்கூட மறைக்காமல் சொல்லியிருக்கிறார். குறை சொல்ல ஓர் இடம்கூட விடாத மனுஷி.

தாளை யார் ஒட்டினார்கள் என்று பிள்ளைகள் கேட்டதற்குப் புதிர் மிஸ், "தெரியல. அதுவும் ஒரு புதிர்தான்" என்றாராம். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு, தங்களைச் சோதிக்க மிஸ்ஸே வைத்த பரீட்சை என்று முடிவு செய்துவிட்டார்கள். பிப்ரவரி 28 அன்று கண்காட்சிக்கு வந்த காப்பாளரிடம், புதிர் மிஸ் பேச வாயெடுப்பதற்குள், அவர்களே பெருமையாகச் சொல்லிவிட்டார்கள். காப்பாளர் பதிவேட்டைத் திருப்பிப் பார்த்துக் கடைசியில் தாளை அறுத்த இடத்தில் எஞ்சியிருந்த ஓரத்தைக் கண்டார். மார்ச் 2 அன்று புகார் கொடுத்தார். மறுநாள் புதிர் மிஸ்ஸை இங்கே அழைத்து விசாரித்தார்கள். தான் செய்யவில்லை என்பதைத் தவிர அவர் எதுவும் சொல்லவில்லை என்று தெரிகிறது. சாவி வைத்திருந்த இன்னொருத்தியைப் பற்றி அவர் ஏன் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியாது. தலைமை ஆசிரியை அவரைத் தற்காலிகமாக வேலையிலிருந்து நீக்கினார்.

அண்ணன் மகள் இரண்டு நாட்களாகச் சரியாகச் சாப்பிடவில்லை. "நாங்கதான் வாயக் குடுத்து மாட்டி விட்டுட்டோம்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஏன் இத்தனை நாள் கழித்து வந்தீர்கள் என்று உதவி ஆய்வாளர் கேட்டார். குழந்தை பட்டினி கிடப்பதைப் பார்த்து வந்தேன் என்று சொல்ல ஆசைதான். அதற்காக மட்டும் என்றால் நேற்றே வந்திருப்பேன். இன்று காலை அவள் காலணி நாடாவைக் கட்டிக்கொண்டே, "தப்பாவே இருக்கட்டும் அத்தை. நடு ஆத்துல பொறந்த பாப்பான்னு புதிர் மிஸ்ஸத் தவிர யாருக்கு எழுதத் தோணும்?" என்றாள். அதன் பிறகுதான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

பொறாமையா என்று உதவி ஆய்வாளர் கேட்டார். ஆமாம் என்றேன். அந்தத் தாளை அறுத்தவள், எழுதியவள், ஒட்டியவள் நான் ஒருத்தியே. வேறு யாருக்கும் இதில் பங்கு இல்லை. புதிர் மிஸ்ஸுக்குச் சேர வேண்டிய குற்றமும் பாராட்டும் இதில் எதுவும் இல்லை. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. அண்ணன் மகள் நாலரை மணிக்குப் பள்ளியிலிருந்து வருவாள்.

எழுத்தர் முழுவதையும் படித்துக் காட்டினார். முடித்த பிறகு, "உங்களப் பத்தி இருக்கறத விட அவங்களப் பத்தித்தான் மேடம் அதிகமா இருக்கு. கொஞ்சம் அடிச்சிடவா?" என்று கேட்டார். இருக்கட்டும் என்றேன்.

இதில் உள்ள ஒவ்வொரு வரியும் என் வாயால் சொன்னது, என் காதால் கேட்டுச் சரிபார்த்தது, நடந்தது நடந்தபடி உள்ளது. யாரும் மிரட்டவோ சொல்லிக்கொடுக்கவோ இல்லை. என் சொந்தக் கையெழுத்தில் கையொப்பமிடுகிறேன். தேதியை நானே எழுதினேன்.

(ஒப்பம்)
மார்ச் 5