அ.சொ.

இல்லைங்கண்ணே, கரையான் இந்த ஒரு ரூம்லதான். மத்த ரூம்ல அதுக்குத் தின்ன என்ன இருக்கு, நான் ஒருத்திதான் இருக்கேன். மருந்து டப்பாவை மட்டும் அந்த மேஜை மேல வெச்சிடாதீங்க. அதுல நானே ஒரு டம்ளர் வைக்க முடியாது.

இந்தப் புத்தகம், மேஜையெல்லாம் யாரோடதா? எங்க வீட்டுக்காரரோடதுதான். பழைய ஏடு, கையெழுத்துப் புத்தகமெல்லாம் பூச்சி அரிக்காம காப்பாத்துறதுதான் அவர் வேலை. சிரிக்காதீங்க, நிஜமாதான். வெளிநாட்டுல பெரிய அதிகாரி. வருஷத்துல பதினோரு மாசம் அந்த நாட்டுப் பண்பாட்டைக் காப்பாத்துவார். அவங்க கொள்ளுத்தாத்தா காலத்துப் பாட்டையெல்லாம் பக்கம் பக்கமா தூசி தட்டி, சின்ன பிரஷ்ஷால நீவி விடுவாராம். என் தலையை ஒரு நாள் அப்படி நீவி விட்டதில்லை, அதை விடுங்க.

மிச்சம் ஒரு மாசம் லீவு. வீட்டுக்கு வர்றார்னு நெனச்சுக்காதீங்க, இந்த அலமாரிக்கு வர்றார். அந்த நாற்காலில சாஞ்சுக்கிட்டு நாவலா படிச்சுத் தள்ளுவார். சாப்பிட வாங்கன்னா, இந்த அத்தியாயம் முடியட்டும்பார். கதையில எவளோ ஒருத்திக்குப் புருஷன் சரியில்லைன்னு இவருக்குக் கண்ணு கலங்கும். நான் ஆறிப்போன சோத்தை மறுபடி சுட வெச்சுக்கிட்டு நிப்பேன்.

கையில பென்சில் வேற. பக்கத்து ஓரத்துல அங்கங்க அ.சொ., அ.சொ.ன்னு குறிப்பார். அரிய சொல்லுன்னுதான் இருபத்திரெண்டு வருஷமா நெனச்சுட்டு இருந்தேன். லீவுலயும் ஆபீஸ் வேலையான்னு பத்திக்கிட்டு வரும். கேட்டதில்லை. கேட்டா நிமிர்ந்து பாக்கணுமே, பாவம், கழுத்து வலிக்கும்.

ஆமா, கீழ்த்தட்டு போயிடுச்சு. போன வாரம்தான் கவனிச்சேன், அள்ளிக் கொட்டலாம்னு எடுத்தேன். கல்யாணமான வருஷம் வாங்கின புத்தகம் ஒண்ணு பாதி மிச்சம் இருந்துச்சு. அதுல முழுசா எழுதியிருக்கார். அவகிட்ட சொல்லணும். நாலு பக்கம் தள்ளி, அவகிட்ட சொ. அப்புறம்தான் அது அ.சொ. ஆயிருக்கு.

அப்படியே தரையில உக்காந்துட்டேன். ஒவ்வொண்ணா புரட்டினா, ஒருத்தி கோவத்துல கதவைச் சாத்திட்டு மறுபடி லேசா திறந்து பாக்குற இடத்துல அ.சொ. ரெண்டு பேரு ஒரு குடைக்குள்ள சண்டை போட்டுக்கிட்டே போற இடத்துல அ.சொ. ஒண்ணாவது சொன்னாரா? மறந்துடக் கூடாதுன்னு குறிச்சு வெச்சுட்டு, குறிச்சு வெச்சதையே மறந்த மனுஷன். மிச்சமெல்லாம் என்னன்னு இனிமே யாரைக் கேக்குறது, கரையானையா?

அழலைங்க, உங்க மருந்து நெடி.

நாளன்னைக்கு வர்றார். இனிமே திரும்பிப் போகலை, ரிட்டயர் ஆயிட்டார். புத்தகமெல்லாம் பத்திரமான்னு போன்ல கேட்டார். பத்திரம்னுட்டேன்.

என்னது? ஒரு வாரத்துல கரையான் மண்ணு இவ்வளவு உசரம் ஏறாதா? கெட்டிக்காரர்ண்ணே நீங்க. போன தடவை அவர் கிளம்பிப் போன அன்னைக்கே பாத்தேன். விரல் நீளம்தான் இருந்துச்சு, கையில துடைப்பமும் இருந்துச்சு. ஒரு தட்டு தட்டியிருந்தா உதிர்ந்திருக்கும். தட்டலை. தினம் வந்து எவ்வளவு ஏறியிருக்குன்னு மட்டும் பாத்துட்டுப் போவேன்.

நீங்க வாய் தவறி எதுவும் சொல்லிடாதீங்கண்ணே. இதை நான்தான் அவர்கிட்ட சொல்லணும்.