கடைசி இறுக்கு

டீக்கு நன்றி இன்ஸ்பெக்டர் சார். சர்க்கரை கொஞ்சம் தூக்கல், ஆனாலும் குடிக்கலாம்.

நீங்கள் வருவதற்கு முன்னால் உங்கள் உதவியாளர் நான் தப்பிக்க ஒரு வழி காட்டினார். வேலை மும்முரத்தில் கார் நட்டை இறுக்க நான் மறந்திருக்கலாம் என்றார். நல்ல மனுஷர். ஆனால் நான் மறக்கிற ஆள் இல்லை. என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், வேலை தெரியாதவன் என்று மட்டும் எழுதாதீர்கள்.

அது என் தங்கை கணவரின் கார். பழைய ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே சீட்டு, வயசுக்கு மீறின மினுக்கு. மேடு பள்ளத்தில் விட்டால் முன்பக்கம் டொக் டொக்கென்று அடித்தது. வண்டிக்கு மூட்டு வலி வந்துவிட்டது என்று மாப்பிள்ளை கிண்டலாகச் சொன்னார். கிட்டத்தட்ட அதேதான். சக்கரத்தைத் தாங்குகிற இரும்புக் கை சட்டத்தோடு சேரும் இடத்தில் ரப்பர் புஷ் இருக்கும். அத்தனையும் நைந்து வெடித்திருந்தன. இந்த ஊரில் என்னைத் தவிர யாரும் அந்தக் காருக்கு அடியில் படுக்க மாட்டார்கள். அதனால், பேச்சுவார்த்தை இல்லாதபோதும் என்னிடம்தான் கொண்டுவந்தார்.

பேச்சுவார்த்தை ஏன் இல்லை என்றுதானே கேட்கிறீர்கள்.

தங்கையை வளர்த்தது நான். அப்பாவும் அம்மாவும் போனபோது அவளுக்குத் தானாகப் பின்னல் போட்டுக்கொள்ளக்கூடத் தெரியாது. அதையும் நான்தான் கற்றுக்கொண்டு போட்டுவிட்டேன், கோணல்மாணலாக. கல்யாணமான பிறகு ஒருநாள் அவள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவளுக்கு இடப்பக்கம் உட்கார்ந்து தண்ணீர் கேட்டேன். திரும்பவில்லை. மறுபடி கேட்டேன். அப்போதும் இல்லை. எழுந்து வலப்பக்கம் போய்க் கேட்டதும் எடுத்துக் கொடுத்தாள். காதுக்கு என்ன ஆச்சு என்றதற்கு, பாத்ரூம் கதவு இடித்துவிட்டது என்றாள். காதுக்குள் போய் இடிக்கிற கதவை நான் பார்த்ததில்லை. மாப்பிள்ளை தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

டாக்டரிடம் நானே கூட்டிப்போனேன். அறை பலமாக விழுந்திருக்கிறது, அந்தக் காது இனி கேட்காது என்றார். என் வீட்டுக்கு வந்துவிடு என்று கெஞ்சினேன். அவள் தன் வீட்டு வாசலில் என்னை நிறுத்திவைத்துச் சொன்னாள்.

“எங்களுக்குள்ள ஆயிரம் இருக்கும்ணா. அதுல நீங்க மூக்கை நுழைக்காதீங்க. இனிமே இங்க வராதீங்க.”

கதவைச் சாத்திவிட்டாள். எனக்கு அவள்மேல் துளியும் கோபம் இல்லை. இதை நீங்கள் கட்டாயம் குறித்துக்கொள்ள வேண்டும்.

கார் விஷயத்துக்கு வருகிறேன். புது புஷ்களை பிரஸ் மெஷினில் வைத்து அழுத்தி ஏற்றினேன், ஒரு பிசிறு இல்லாமல். கார் உயரத்தில் தொங்கும்போது போல்ட்டை முழுசாக முடுக்கக் கூடாது. முடுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழிந்துவிடும். நட்டைச் சும்மா பிடித்து நிற்கிற அளவுக்கு ஏற்றிவிட்டு, காரைத் தரையில் இறக்கி, கனம் சக்கரத்தில் உட்கார்ந்த பிறகுதான் கடைசி இறுக்கு. அது முடிந்ததும் நட்டின் மேல் வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு போடுவது எங்கள் பட்டறை வழக்கம். கோடு இருந்தால் அந்த நட்டை வேறு யாரும் தொட மாட்டார்கள்.

அன்று காரை இறக்கினேன். பின்பக்கத்தை ஒழுங்காக இறுக்கினேன். முன்பக்கம் இறுக்கவில்லை. நட்டை விரலாலேயே இன்னும் கொஞ்சம் தளர்த்திவிட்டு, அதன்மேல் கோட்டைப் போட்டேன். மறதிக்காரன் கோடு போட மாட்டான் சார்.

அந்தக் காரில் மலைப்பாதையில் பறப்பதுதான் மாப்பிள்ளைக்குப் பொழுதுபோக்கு. எப்போதும் தனியாகத்தான் போவார். காரை எடுக்க வந்த அன்று தங்கையையும் கூட்டிக்கொண்டு வந்தார். மலைக்குத்தான் போவதாகச் சொன்னார்கள்.

ஸ்பானர் என் கையில்தான் இருந்தது. ஒரு வேலை பாக்கி இருக்கிறது என்று சொல்லியிருந்தால் போதும், இருவரும் நாற்காலியில் உட்கார்ந்து காத்திருப்பார்கள். மாப்பிள்ளை என் தோளில் தட்டி, மச்சான் கை பட்டாலே தனிதான் என்றார். தங்கை என்னை ஏறெடுத்தும் பார்க்காமல் போய்க் காரில் உட்கார்ந்தாள். வளர்த்தவனிடம் ஒரு வார்த்தை இல்லை. நான் ஸ்பானரைத் துடைத்து அதன் இடத்தில் மாட்டினேன்.

வளைவில் சக்கரம் பிடிவிட்டதும், கீழே பாறையில் கார் கிடந்த கோலமும் நீங்களே பார்த்தது. மாப்பிள்ளையைக் கொன்றது நான்தான். அதில் எனக்கு வருத்தம் இல்லை. தங்கை செத்தது வேறு விஷயம். அது அவளாகத் தேடிக்கொண்டது.

அவளைத் தடுத்திருக்கலாமே என்கிறீர்கள். தடுத்தேன் சார். மாப்பிள்ளை டிக்கியை மூடப் போன நேரத்தில் அவள் பக்கத்து ஜன்னலில் குனிந்தேன்.

“இறங்கிடும்மா. இந்த வண்டியில போகாத.”

அண்ணன் என்கிற முறையில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். அவள் கேட்கவில்லை, நேராகப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். நான் என்ன செய்ய முடியும்? மாப்பிள்ளைக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று கொஞ்சம் மெதுவாகத்தான் சொன்னேன், அவளுடைய இடது காதில்.