பலகையில் இல்லாத எண்

துணி காயப்போடும் கிளிப்புகள் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு, ஐயா. சின்ன விமானங்கள் பறக்கவிடும் எங்கள் மைதானத்தில் உயிரைக் காப்பவை அவைதான். ஒரே அலைவரிசையில் இரண்டு ரிமோட் வேலை செய்தால், யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் விமானம் விழுந்துவிடும். அதனால் ஒவ்வொரு அலைவரிசைக்கும் எண் எழுதிய ஒரு கிளிப் பலகையில் இருக்கும். அதை எடுத்துச் சட்டையில் மாட்டாமல் யாரும் ரிமோட்டைத் தொடக்கூடாது. பலகைக்குப் பொறுப்பு நான். என் பெயரே அங்கே கிளிப்பண்ணன்தான்.

வெளிநாட்டிலிருந்து தம்பி வந்தான். கட்டில் நீளத்துக்கு ஒரு பெட்ரோல் விமானம், அச்சு அசலாக ஒரே மாதிரி, ஒரே அலைவரிசையில் இரண்டு ரிமோட். ஒன்று எனக்குப் பரிசு.

"அண்ணே, அங்க இந்த அலைவரிசைய விமானத்துக்குன்னே ஒதுக்கியிருக்காங்க. இங்க ஓட்டலாமா?"

இங்கே அதற்கு அனுமதி கிடையாது. பலகையில் கிளிப்பும் கிடையாது. "அதுல யாருமே இல்லடா, தைரியமா ஓட்டு" என்றேன். பொய் இல்லை. அப்போது யாரும் இல்லை.

என் மனைவி அவனைக் கேட்காமலே அவனுக்குச் சர்க்கரை குறைத்து டீ போட்டுக் கொடுத்தாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "நீங்கதானே சொன்னீங்க" என்றாள். சொல்லியிருக்கலாம். ஆனால் பதில் அவ்வளவு சட்டென்று வருமா? ஒருநாள் நான் உள்ளே நுழைந்ததும் இருவர் சிரிப்பும் நின்றது. நெருப்பில்லாமல் புகையுமா?

நான் அவசரக்காரன் இல்லை. சோதித்துப் பார்க்காமல் யார் மேலும் பழி போடமாட்டேன். ஆபத்து வந்தால் ஒருத்தி யாரிடம் ஓடுகிறாளோ, அவன்தான் அவளுக்கு வேண்டியவன். அதைப் பார்த்துவிட்டால் போதும் என்றுதான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை. அவளையும் மைதானத்துக்குக் கூட்டிப்போயிருந்தேன். விமானத்தை இறக்குவதற்காகத் தம்பி அதைத் தன் பக்கம் தாழ்வாகக் கொண்டுவந்தான். என் தோள்பைக்குள் பரிசு ரிமோட் இருந்தது. கையை விட்டு சுவிட்சைத் தள்ளினேன்.

"அண்ணே, சொன்னபடி கேக்க மாட்டேங்குது" என்று என்னைத்தான் கூப்பிட்டான். விலகி ஓடாமல் ரிமோட்டையே திருகிக்கொண்டு நின்றான். விமானத்தின் விசிறி அவன் கழுத்தில் பட்டது. அதற்குப் பிறகும் நான் சுவிட்சிலிருந்து விரலை எடுக்கவில்லை, சோதனை முடியவில்லையே.

நீங்கள் வந்து பலகையைப் பார்த்தீர்கள். எல்லாக் கிளிப்பும் அதனதன் இடத்தில் இருந்தன. வெளிநாட்டு ரிமோட் இந்த ஊருக்கு ஒத்துவரவில்லை என்று முடித்துவிட்டீர்கள். உங்கள் மேல் தப்பில்லை. கொன்றது நான்தான். அதை மறைக்க வரவில்லை.

அவளையும் கூப்பிட்டு விசாரியுங்கள் என்று சொல்லத்தான் வந்தேன். அன்று அவள் அவனிடம் ஓடவில்லை, ஐயா. நேராக என்னிடம் ஓடிவந்து, "உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள். குற்றமுள்ள நெஞ்சுதானே குறுகுறுக்கும்.