ஏற்கெனவே இருந்த ஓட்டை

மலாயாவில் அவசரகாலம் நடந்த நாட்கள். பாலிங் ஊருக்குப் போகும் பஸ்ஸில் என் முன்சீட்டில் இருவர். மளிகைக்கடை பாயின் மடியில் பெரிய செப்புத் தலைக்கவசம். பக்கத்தில் அவர் கடையில் சாமான் வாங்கும் தோட்டத் தொழிலாளி.

“ஜப்பான் கடற்படைக்காரன் இதை மாட்டிக்கிட்டுத்தான் கடலடிக்கு இறங்குவான், தம்பி. வீட்டுல இன்னும் ரெண்டு சேர்த்து வச்சிருக்கேன். சோதனைச் சாவடியில ஓட்டை போட்டுறக் கூடாது, அதான் பயம்.”

“என் பிள்ளையோட பால் டின்னுல மட்டும் போட்டீங்களே?”

“கவர்மெண்டு உத்தரவுலா. ஓட்டை போடாம வித்தா, காட்டுல இருக்கிற கம்யூனிஸ்ட்டுக்குப் போயிடும்னு என்னை உள்ள போட்டுடுவான்.”

“காட்டுக்கு எங்க போச்சு? எறும்புக்குத்தான் போச்சு.”

பாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சாவடியில் ஏறிய போலீஸ்காரர் கவசத்துக்குள் கைவிட்டு அரிசி தேடினார். இரட்டைத் தகடாக இருந்து, நடுவில் அரிசி ஒளிந்திருக்குமோ என்று சந்தேகப்பட்டு, மூட்டை குத்தும் கம்பியை ஓங்கினார்.

தொழிலாளி கவசத்தின் பின்புறம், காற்றுக்குழாய் மாட்டும் துளையில் விரலை விட்டுக் காட்டினார். “ஒத்தைத் தகடுதான், துவான். ஓட்டை ஏற்கெனவே இருக்கு” என்றார் மலாயில்.

போலீஸ்காரர் சிரித்தபடி இறங்கினார். பஸ் நகர்ந்தது.

“அடுத்த தடவை பால் டின்னுல சின்னதா போடுங்க, பாய்.”