பின்பக்கச் சரிவு

மழை நாளில் பழைய கார் ஓட்டியிருக்கிறீர்களா, சார்? ஏசி கிடையாது. மூச்சு பட்டே கண்ணாடி மங்கி, சாலை மறைந்துவிடும்.

என்னுடையது ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார். இன்ஜின் பின்னால் இருக்கும். அதைக் குளிர வைக்கத் தண்ணீர் வேண்டாம், காற்றே போதும். புகைக்குழாயைச் சுற்றி ஒரு தகரக் கூடு உண்டு. அதில் சூடாகிற காற்றை உள்ளே விட்டால் கண்ணாடி தெளிந்துவிடும்.

கங்கைகொண்டானில் என் பட்டறை. அந்தக் காருக்குப் புது வடிவம் கொடுக்கப் பல வருஷம் நானே வரைந்தேன். என் மனைவி கலையரசி ஒவ்வொன்றையும் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்பாள். கடைசியில் டார்லினை வேலைக்கு வைத்தேன். புன்னக்காயல்காரி, கார் வடிவமைப்பு படித்தவள். கூரையிலிருந்து பின்பம்பர் வரை ஒரே சரிவாக இழுத்தாள். அதைப் பார்த்ததும் கலையரசி வாய்விட்டுச் சிரித்தாள். என் வேலை எதையும் பார்த்து அவள் அப்படிச் சிரித்ததில்லை.

"அந்தச் சரிவை மாத்தும்மா" என்றேன்.

"மாத்துனா கெட்டுப்போகும் அண்ணாச்சி. ஒங்களுக்கே தெரியும்லா."

தெரியும். அதுதான் தொந்தரவு.

நான் கோபப்படவில்லை. வேலை முடியும்வரை பொறுத்திருந்தேன். பிறகு கூட்டுக்குள் இருக்கும் புகைக்குழாயை அறுத்து வைத்தேன். இனிமேல் சூட்டுக் காற்றோடு இன்ஜினின் விஷப் புகையும் உள்ளே வரும். பழைய காரில் கொஞ்சம் வாடை இருக்கத்தான் செய்யும் என்று டார்லினிடம் முன்னமே சொல்லிவிட்டேன்.

சாரல் பிடித்த அன்று, டார்லினைப் பாபநாசம் வரை ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். கலையரசி தானாகவே பக்கத்தில் ஏறிக்கொண்டாள். இறங்கச் சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பாள்.

"கண்ணாடிய நல்லா ஏத்திக்கிடுங்க. பைய போங்க" என்று சொல்லி, சூட்டுக் காற்றை நானே திறந்துவிட்டேன்.

வேனில் பின்னாலேயே போனேன். கல்லிடைக்குறிச்சி தாண்டியதும் கார் தள்ளாடி, ஓரத்து வயல்வரப்பில் முட்டி நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

டார்லினைக் கொல்லத்தான் செய்தேன், அதை எழுதிக்கொள்ளுங்கள். கலையரசி விஷயத்தில் எனக்கு அப்படி ஒரு எண்ணமே கிடையாது. கதவைத் திறந்தபோது அவளுக்கு மூச்சு இருந்தது. என்னைப் பார்த்தாள். சாரல் உள்ளே அடித்தது. புது சீட் நனைந்துவிடக் கூடாதே என்று கதவைச் சாத்தினேன். இன்ஜினை அணைக்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.